மீசை வைத்த மூதாதை

“ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்...”

அன்று இதையே நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். மைக்கில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறெல்லாம் அதைப் பிடித்திருந்த ஆளிடம்தான்.

கேரி தீவு. செம்பனை எண்ணெய்த் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களுக்குப் பின்னால், பெரிய வாய்க்கால் ஓரம், ஒரு தூங்குமூஞ்சி மரம். சாயங்கால வெயில். எனக்கு முன்னால் தோட்டத்து ஜனம். வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்திருந்தார்கள். அதனால் குலை வெட்டும் அரிவாள்களும் கூடவே வந்திருந்தன. எனக்குப் பின்னால் முனியாண்டி. முறுக்கிய மீசை, உருட்டிய கண், வாயில் புகையும் சுருட்டு. அந்தச் சுருட்டின் சூடு என் பிடரியில் படுவதுபோலவே இருந்தது.

நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ‘நீங்கள் கும்பிடுகிற இவர் முனியாண்டி இல்லை. பக்கத்துக் கம்பத்தில், அந்தச் சின்னக் கிராமத்தில், இருக்கும் மா மெரி பழங்குடி மக்களின் மூதாதை. அவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.’

வாயைத் திறந்தால், “மைக் டெஸ்டிங்.”

“டெஸ்டிங் முடிஞ்சா பேசுங்கலா அண்ணே, கொசு புடுங்குது,” என்றது ஒரு குரல்.

“அவரு பேசறது அவருக்கே கேக்கலயாம்,” என்றது இன்னொரு குரல்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஈப்போவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “வாராவாரம் எதையாவது பார்த்துப் பயந்து ஓடுகிறீர்களே, எங்கேயாவது நின்றிருக்கிறீர்களா?”

நின்றிருக்கிறேன் அம்மா. இதோ, இந்த மரத்தடியில். காரணம் வீரம் அல்ல. வேன் சாவி என்னிடம் இல்லை. என் பக்கத்தில் நின்ற மாஸ்னி என்ற பெண், என் குணம் அறிந்து, இறங்கும்போதே அதைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

தண்ணீரில் வந்தவர்

முனியாண்டி அந்த மரத்தடிக்கு வந்து சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது எழுபதுகளின் கடைசி என்று நினைக்கிறேன்.

ஒரு பெரிய அலைக்காலத்தில் கடல் கரையை உடைத்துக்கொண்டு தீவுக்குள் வந்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு வாய்க்காலைப் பார்க்கப் போன வெட்டுக்காரர்களை மேய்க்கும் மண்டோர் கருப்பையா, மதகில் சிக்கிக் கிடந்த ஆகாயத்தாமரைக் குப்பைக்கு நடுவே ஒரு ஆள் தன்னை முறைப்பதைக் கண்டார். கிட்டப் போனார். ஆள் இல்லை, மரம். சிவந்த மரம். குந்தியிருந்த உருவம். பல்லைக் காட்டி, கண்ணை உருட்டி, நாக்கைத் துருத்திக்கொண்டு ஒருவர் தண்ணீரில் மிதந்து வந்தால் நம் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? வேறு யார்? முனிதான்.

அன்றைக்கே மரத்தடியில் இடம் ஒதுக்கியாகிவிட்டது. மறுநாள் சுருட்டு. அடுத்த வாரம் இடுப்பில் வேட்டி, தலையில் துண்டு, கழுத்தில் எலுமிச்சை மாலை. ‘மீசை இல்லாமல் என்ன முனி?’ என்று யாரோ கேட்க, தோட்டத்து ஸ்டோரிலிருந்து கறுப்புச் சாயம் வந்தது. கருப்பையாவே வரைந்தார். ஒரு பக்கம் மேலே, மறு பக்கம் இன்னும் மேலே. கடைசியாக ஒரு கமிட்டி அமைத்து, அதில் சண்டையும் போட்டுக்கொண்டார்கள். அதோடு அது முழுக் கோயிலாகிவிட்டது. கருப்பையா பூசாரி ஆனார்.

உதிர்ந்த பழம் பொறுக்கும் பொன்னம்மா அக்காவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லை. இந்த முனியிடம் வேண்டிக்கொண்டார். பிறந்தான் ஒரு பையன். பெயர்? அதைக் கேட்கவே வேண்டாம். லயத்தில் யாராவது “முனியாண்டி!” என்று கூப்பிட்டால் சாமி திரும்பிப் பார்க்கிறதோ இல்லையோ, அவன் திரும்பிப் பார்ப்பான்.

என் தலைமுடி விவகாரம்

இதில் நான் எங்கே வந்தேன்?

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடியில் என் மைக் செட் கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதி எல்லாவற்றுக்கும் வயரும் ஒலிபெருக்கிக் குழாயும் கொண்டுபோவேன். எங்கே போனாலும் என் சட்டையில் மிளகாய்த்தூள் வாசனை இருக்கும். கிள்ளான் தாண்டி, பாந்திங் சாலையில் போய், பாலம் ஏறினால் கேரி தீவு. முனியாண்டி திருவிழாவுக்கு ஆண்டுதோறும் நான்தான் மைக்.

முதல் வருஷத் திருவிழாவிலேயே, உறுமி உச்சத்தில் இருந்தபோது, என் ஆம்ப்ளிஃபையரிலிருந்து புகை வந்தது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. குடித்திருந்த கூட்டம். நான் முனியைப் பார்த்தேன். ‘ஐயா, இன்னைக்கு ராத்திரி வரைக்கும் இத ஓட வெச்சிடு. என் முடிய உனக்கே தரேன்!’

ஓடியது. விடிய விடிய ஓடியது.

அந்தக் காலத்து என் முடியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காதை மூடி, காலரைத் தொட்டு, நடந்தால் எனக்குப் பின்னால் கொஞ்சம் தாமதமாக வரும். வேனின் கண்ணாடி சாலையைப் பார்க்க அல்ல, முடியைப் பார்க்கத்தான். அதைப் போய் எப்படிக் கொடுப்பது? அடுத்த மாதம், அடுத்த தைப்பூசம், அக்கா மகள் கல்யாண போட்டோ முடியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு திருவிழாவிலும் முனி என் தலையையே பார்ப்பதாகத் தோன்றும். நான் தொப்பி போட்டுக்கொண்டு போவேன்.

சுவரில் இருந்த படம்

பிறகு, எண்பதுகளின் நடுவில் ஒரு மத்தியானம், மாஸ்னி என் கடை மாடிப்படி ஏறி வந்தாள். ஷா ஆலமில் ஒரு ஃபேக்டரியில் வேலை. இருபத்தைந்து வயது இருக்கலாம். ஓராங் அஸ்லிப் பழங்குடிப் பெண் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. நான் எனக்குத் தெரிந்த சந்தை மலாயில், கம்பத்தில் என்ன விசேஷம் என்று தட்டுத்தடுமாறிக் கேட்டேன்.

“தமிழ்லயே பேசுங்க அண்ணே, உங்க மலாய் காது வலிக்குது,” என்றாள்.

அவள் வளர்ந்த கம்பத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். சின்ன வயதில் முழுக்க லயத்துப் பிள்ளைகளோடு விளையாட்டு. அதனால் அவளுடைய தமிழில் என் தமிழைவிடக் காரம் அதிகம்.

கம்பத்தில் ஒரு கூட்டத்துக்கு மைக் வேண்டும் என்று வந்திருந்தாள். பேசிக்கொண்டே இருந்தவள், என் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். முனியாண்டியோடு நான் நிற்கும் படம். எண்ணெய்க் காப்பு நாளில் எடுத்தது. வேட்டி, துண்டு, மாலை ஏதும் இல்லாத முனி. எனக்குத் தொப்பி இருந்தது.

“உங்க பக்கத்துல யாரு?”

“தெரியலயா? முனியாண்டி! பயங்கரமான சாமி.”

அவள் படத்துக்கு மூக்கு படும் தூரத்தில் போய் நின்றாள். “அந்தக் காதுல வெட்டு இருக்கு பாருங்க. அப்பா செதுக்கறப்ப நான் ஓடி வந்து அவரு கையில மோதிட்டேன். உளி வழுக்கிடுச்சி.” அந்தக் காதின்மேல் விரலை வைத்தாள். பிறகு, “இது எங்க மோயாங். எங்க மூதாதை. கடலுக்குப் போயிட்டாருன்னு நெனைச்சோம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சுருட்டு குடிச்சிக்கிட்டு இருக்காரா?”

அந்த மரத்தடிக்கு வேற்று ஆள் போவதில்லை. தூரத்தில் பார்த்தாலும் கழுத்து வரை எலுமிச்சை, தலையில் துண்டு. நடுவில் ஒரு வாய்க்கால் மட்டும் இருந்தும் அத்தனை வருஷம் யாருக்கும் தெரியவில்லை.

அவள் கூட்டம் போடவிருந்த காரணம் இதுதான். கம்பத்து ஓரத்தில் ஒரு மேடு. அதன்மேல் மூதாதைக்கு ஒரு சின்னக் குடில். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அவர்கள் வருஷத்துக்கு ஒரு நாள் அங்கே கூடி, மூதாதையை அழைத்து, சோறு வைத்து, ஓலைப் பூக்கள் கட்டி ஆடுவார்கள். இப்போது அந்த மேட்டை வெட்டிப் புது வாய்க்கால் போகப் போகிறது. இவர்கள் எதிர்த்தார்கள். மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி குடிலுக்குள் எட்டிப் பார்த்தார். வெள்ளத்துக்குப் பிறகு அது காலி. “சாமி எங்கே? இது சாமான் போடுகிற கொட்டகை மாதிரி இருக்கிறதே,” என்று சொல்லிவிட்டு, இன்னொரு முறை வந்து பார்த்து முடிவு சொல்வதாகப் போனார். அடுத்த வாரம் வருகிறார்.

“புதுசா ஒண்ணு செதுக்கிட வேண்டியதுதானே?” என்றேன். புத்திசாலி என்று நினைப்பு.

“உங்க அப்பா தொலைஞ்சி போயிட்டா, பாசார்ல வேற அப்பா வாங்குவீங்களா?”

“போலீஸ்ல சொன்னா?”

“போலீஸ்ல சொன்னா தோட்டத்து ஆளுங்க திருடிட்டாங்கன்னு ஆயிடும். அவங்க திருடல. தண்ணியில கெடந்தவர எடுத்து சோறு போட்டு வெச்சிருக்காங்க. கேட்டுத்தான் வாங்கணும். நீங்க வந்து கேளுங்க. உங்க பேச்ச கேப்பாங்க.”

“என் பேச்ச என் பொண்டாட்டியே கேக்கமாட்டா!”

“மைக்ல சொல்லிப் பாத்தீங்களா?” என்றாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. முனி நிஜ முனியாக இருந்தால், வீட்டைவிட்டு அனுப்பப் பார்த்த குற்றத்துக்கு என்னை அடிப்பார். மூதாதையாக இருந்தால், இத்தனை வருஷம் கண்டுபிடிக்காத குற்றத்துக்கு அடிப்பார். இருவரும் விட்டாலும் கருப்பையாவின் அரிவாள் இருக்கிறது. இதில் என் முடி இப்போது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வேறு. யாரைக் கேட்பது?

மறுபடியும் மரத்தடி

இப்படித்தான் அந்தச் சாயங்காலம் நான் அங்கே நின்றேன். ஒருவழியாகத் துணிந்து ஆரம்பித்தேன்.

“பெரியோர்களே... தாய்மார்களே... நம்ம முனியாண்டி வந்து... முனியாண்டிதான். ஆனா முனியாண்டி இல்ல.”

மரத்தில் இருந்த காக்கைகூட வாயை மூடிக்கொண்டது.

“என்னாது?” என்றார் கருப்பையா. தோளில் சிவப்புத் துண்டு. கையில், நான் எதிர்பார்த்தபடியே, அரிவாள். “தண்ணி போட்டுட்டு வந்தியா?”

நான் போடவில்லை. போட்டிருக்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

மாஸ்னி மைக்கை என் கையிலிருந்து பிடுங்கினாள். வெள்ளம், குடில், காதின் வெட்டு, அதிகாரி எல்லாவற்றையும் சொன்னாள். பாதியில் ஒரு கிழவர், அவள் இனத்தைக் குறிக்க நம் ஆட்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் அந்தச் சொல்லைச் சொல்லி, “இவங்களுக்கு ஏதுலா சாமி?” என்றார். அந்தச் சொல்லை நான் இங்கே எழுத மாட்டேன்.

மாஸ்னி கோபப்படவில்லை. “தாத்தா, உங்களயும் வெளியில ஒரு பேரு சொல்லிக் கூப்பிடறாங்க. மைக்ல சொல்லட்டா?”

கூட்டத்தில் சிரிப்பு. கிழவரும் சிரித்துவிட்டார்.

பொன்னம்மா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மகனை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டு முன்னால் வந்தார். “இவரு முனி இல்லன்னு சொல்றியாடி? அப்ப எம்புள்ளய குடுத்தது யாரு?”

“நான் எங்கக்கா அப்படி சொன்னேன்? நீங்க உங்க வீட்டுல மருமகன்னு கூப்பிடற ஆள, அவரு அம்மா மகன்னு கூப்பிடமாட்டாங்களா? உங்களுக்கு முனி. எங்களுக்குத் தாத்தா. உங்க வீட்டுல இத்தனை வருஷம் நல்லா இருந்தாரு. இப்ப எங்க வீட்ட இடிக்க வராங்க. வீட்டுப் பெரியவரு வீட்டுல இருக்கணும்.”

பொன்னம்மாவின் கை மகனின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தது. சாமி வந்து கொடுத்த பிள்ளை. சாமி போய்விட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும்? அதை வாய்விட்டுச் சொல்லவும் பயம். பயத்தில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு, பார்த்ததும் தெரிந்துவிடும்.

ஆளாளுக்குப் பேசினார்கள். கொடுக்கலாம் என்றது ஒரு பக்கம். தோட்டத்துக்கே ஆகாது என்றது மறு பக்கம். கடைசியில் கருப்பையா அரிவாளைத் தரையில் குத்தி நிறுத்தினார்.

“நம்ம யாரு முடிவு பண்ண? அவரையே கேப்போம். பூ போட்டுப் பாப்போம்.”

வெள்ளையும் சிவப்பும்

எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. சாமி முன்னால் வைத்து, பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் போகச் சம்மதம். சிவப்பு வந்தால் இருப்பேன் என்கிறார்.

“மைக்காரரு ரெண்டு பக்கமும் இல்லாத ஆளு. அவரே கட்டட்டும்,” என்றது கமிட்டி. எந்தப் பக்கமும் இல்லாத ஆள்! எனக்கு அந்த முனியிடம் தலை போகிற பாக்கி இருப்பது அவர்களுக்கு எங்கே தெரியும்?

பொன்னம்மா அக்கா பூக்களைக் கொண்டுவந்தார். வேலியோரத்து நந்தியாவட்டை, வாசல் செம்பருத்தி. வாழை இலைத் துண்டில் வெள்ளையை வைத்து மடித்தேன். இன்னொரு துண்டில் சிவப்பை வைத்து மடித்தேன். நாரால் கட்ட வேண்டும். வயர் முறுக்கிப் பழகிய கையில் நார் என் விரலைக் கட்டியதே தவிரப் பொட்டலத்தைக் கட்டவில்லை.

“குடுங்க இப்படி! நீங்க கட்டி முடிக்கறதுக்குள்ள முனியே எந்திரிச்சிப் போயிடுவாரு,” என்று அக்கா இரண்டையும் வாங்கிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மைக் ‘கீச்’ என்று கத்தியது. நான் ஓடிப்போய்த் திருகினேன். அணைத்தேன். மறுபடியும் போட்டேன். திரும்பி வந்தபோது தட்டில் ஒரே அளவாய், ஒரே மாதிரி இரண்டு பொட்டலங்கள்.

சாம்பிராணி போட்டார்கள். மாஸ்னி மூக்கை உறிஞ்சி, “எங்க குடில்ல போடற அதே வாசனை அண்ணே,” என்று முணுமுணுத்தாள். மோயாங்குக்கு இத்தனை வருஷம் வீட்டு நினைப்பு வராததன் ரகசியம் அதுதான் போலும்.

கருப்பையா கண்ணை மூடினார். எடுத்தார். பிரித்தார்.

வெள்ளை.

கருப்பையா தோள் துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு, “உறுமிய எடுங்கடா. நம்ம முனி வீட்டுக்குப் போறாரு. பொணம் மாதிரி சும்மா அனுப்புவமா?” என்றார்.

மறுநாளே போவதென்று முடிவாயிற்று. கருப்பையா மற்றப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். “இத பிரிக்கக் கூடாது. வாய்க்கால்ல போட்டுடு.”

பிரிக்கக் கூடாது என்றால் பிரிக்காமல் இருக்கிற ரகமா நான்? வாய்க்கால் ஓரம் போய், யாரும் பார்க்காதபோது, நாரை விலக்கினேன்.

அதுவும் வெள்ளை.

என் கையால் வைத்த செம்பருத்தி. என் கண்ணால் பார்த்து மடித்தேன். முனி சிவப்பை வெள்ளையாக்கிவிட்டார்! பொட்டலம் தண்ணீரில் விழுந்தது. நானும் விழுந்திருப்பேன், மதகின் கம்பி பிடித்துக்கொண்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. தொப்பியை மட்டும் கழற்றிவிட்டேன். இனி இவரிடம் ஒளித்து என்ன பயன்?

தாத்தாவுக்கு என்ன ஆச்சு?

மறுநாள் வேலை முடிந்ததும் ஊர்வலம். உறுமி முன்னால். கருப்பையா தலையில் முனி. புது வேட்டி, புது மாலை. பொன்னம்மா அக்கா, கொண்டையில் செம்பருத்தி ஆட, மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நடந்தார். என் வேன் பின்னால் குழாயைக் கட்டிக்கொண்டு உருண்டது. செம்பனை மரங்களுக்கு நடுவே இரண்டு ஓணான்களும் நானும் மட்டும்தான் பயந்திருந்தோம்.

கம்பத்து எல்லையில் மா மெரி மக்கள் ஓலைப் பூ கட்டிய கம்புகளோடு காத்திருந்தார்கள். நடுவில் மாஸ்னியின் அப்பா, கம்பத்துத் தலைவர், பாத்தின் உஜாங். கருப்பையா உருவத்தை இறக்கி, மாலையையும் வேட்டியையும் கழற்றி வைத்தார். பாத்தின் குனிந்து பார்த்தார். காதின் வெட்டைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு அவர் பார்வை மீசைக்கு வந்தது. ஒரு பக்கம் மேலே, மறு பக்கம் இன்னும் மேலே.

உறுமி நின்றுவிட்டது. நான் வேனுக்கும் எனக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கணக்கிட்டேன். இறங்கியதுமே சாவியை மாஸ்னி மறுபடி வாங்கிவைத்திருந்தாள்.

பாத்தின் நிமிர்ந்து மலாயில் என்னவோ சொன்னார். கம்பமே இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

“தாத்தாவுக்கு அந்தப் பக்கம் யாராச்சும் பொண்ணு குடுத்துட்டீங்களான்னு கேக்கறாரு,” என்றாள் மாஸ்னி.

மீசையை அழிக்க மண்ணெண்ணெய் கொண்டுவரட்டுமா என்று கருப்பையா கூச்சத்தோடு கேட்டார். பாத்தின் வேண்டாம் என்று கையசைத்தார். வெளியூர் போய்வந்த மனிதர் கொஞ்சம் மாறித்தான் வருவார், இருக்கட்டும் என்றார். சுருட்டு மட்டும் தவறக் கூடாது, தவறினால் கோபித்துக்கொள்வார் என்று கருப்பையா ஒரு மாமியார் மாதிரி நெடுநேரம் விளக்கினார்.

வாய்க்கால் வளைந்த இடம்

அதிகாரி சொன்ன நாளில் வந்தார். கையில் குடை, காலில் பளபளக்கும் சப்பாத்து. குடிலுக்குள் மூதாதை. வெளியே கம்பம் முழுக்க. அவர்களோடு தோட்டத்துப் பாதி ஜனமும். பொங்கல் பானை வேறு.

அதிகாரி குழம்பிவிட்டார். மீசையைப் பார்க்கிறார். விபூதி பூசிய முகங்களைப் பார்க்கிறார். இது அனுமதி இல்லாமல் கட்டிய இந்தியர் கோயிலோ என்ற சந்தேகம் அவர் நெற்றியிலேயே தெரிந்தது. அப்படி ஆகிவிட்டால் இரண்டு பக்கமும் போச்சு. கையில் மைக் வைத்திருந்த பாவத்துக்கு என்னிடம் வந்து, “யாருடையது இது?” என்றார்.

“மைக்கா? என்னுடையது,” என்றேன்.

நல்லவேளை, கருப்பையா முன்னால் வந்தார். தோட்டத்து மலாயில், அவர் எப்போதும் பேசும் அதட்டலில், சொன்னார்: இது இவர்களுடைய தாத்தா. வெள்ளத்தில் எங்களிடம் வந்தார், சோறு போட்டோம், திருப்பிக் கொண்டுவந்தோம். எங்கள் அப்பா காலத்தில் காட்டை அழித்துக் கன்று நட்டபோதே இந்த மேட்டில் குடில் இருந்தது. அப்பா இந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் நட்டார். வரிசையைப் பாருங்கள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். ராணுவம் மாதிரி நேராக வரும் செம்பனை வரிசைகள், மேட்டுக்கு அருகே வந்ததும் ஒதுங்கி, சுற்றி, மறுபடி நேராகிப் போயின. அத்தனை வருஷம் அந்தப் பாதையில் வேன் ஓட்டியிருக்கிறேன். கண்ணாடியில் முடியைப் பார்த்த நேரத்தில் அதைப் பார்த்திருக்கலாம்.

அதிகாரி அந்த வளைவை வெகுநேரம் பார்த்தார். குடையை மடக்கி, ஏதோ குறித்துக்கொண்டு போய்விட்டார். சில மாதங்களுக்குப் பிறகு வாய்க்கால் வெட்டினார்கள். மேட்டுக்கு அருகே வந்ததும் அதுவும் வளைந்தது.

ஏதோ பெரிய வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மண் அவர்களுடையது என்று சொல்லும் பத்திரம் அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. மாஸ்னி ஃபேக்டரி விடுப்பிலெல்லாம் ஷா ஆலம் அலுவலகங்களின் படி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள். அங்கேயும் என் குழாயைக் கொண்டுவரச் சொல்லி இரண்டு முறை கேட்டுவிட்டாள். எனக்கு அந்த இரண்டு நாளும் காய்ச்சல்.

முடிந்துபோன முடி

மறு வருஷம் மூதாதை நாளில் நான் முடிவோடு போனேன். சிவப்பை வெள்ளையாக்குகிறவரிடம் இனியும் விளையாட முடியாது.

“எங்க தாத்தாவுக்கு உங்க முடி எதுக்கு அண்ணே?” என்றாள் மாஸ்னி. பாத்தினுக்கும் புரியவில்லை. அவர்கள் வழக்கத்தில் அப்படி ஒன்று இல்லை. நான் சந்தோஷமாக எழுந்தேன்.

“உக்காருங்க,” என்றார் பொன்னம்மா அக்கா. “நேந்துக்கிட்டது முனிக்கு. முனி இங்கதான இருக்காரு.”

கருப்பையா பிளேடை எடுத்தார். அக்கா செம்புத் தண்ணீரோடு நின்றார். காது மேலிருந்து முதல் கொத்து விழுந்ததும் எனக்கு மனசு தளர்ந்து, ஒரு வருஷமாய் அடக்கி வைத்திருந்த அற்புதத்தைச் சொல்லிவிட்டேன். இரண்டாவது பொட்டலம், வெள்ளைப் பூ, எல்லாம். சொல்லும்போதே உடம்பு சிலிர்த்தது.

அக்கா சிரித்த சிரிப்பில் செம்புத் தண்ணீர் பாதி என் முதுகில்.

“நீங்கதான் மைக்கத் திருகிக்கிட்டு இருந்தீங்களே! சிவப்ப எடுத்துக் கொண்டையில சொருகிக்கிட்டு, கையில மிச்சம் இருந்த வெள்ளைய வெச்சிக் கட்டினேன்.”

கருப்பையாவின் பிளேடு என் உச்சந்தலையில் நின்றுவிட்டது. அவருக்கும் அது புதுச் செய்தி.

“ஏன் அக்கா? உங்களுக்குத்தானே அவர அனுப்ப அவ்வளவு பயம்?”

கொஞ்ச தூரத்தில் அவர் மகன், தலையில் ஓலைக் கிரீடத்தோடு, கம்பத்துப் பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருந்தான். அக்கா அவனைப் பார்த்தார்.

“எம்மவன் இப்படித் தண்ணியோட போயி, யாரோ எடுத்து வளத்து, நான் போயி கேட்டா... பூ போட்டா பாப்பாங்க? இவர அவரு வீட்டுக்கு அனுப்பறத போயி ஒரு பூவ நம்பி விடுவேனா?” மிச்சத் தண்ணீரை என் தலையில் ஊற்றினார். “மண்டோரே, என்னா பாக்குறீங்க? சிரைங்க.”

கருப்பையா சிரைத்தார். முடிந்ததும் மாஸ்னி வந்து, அவர்கள் வாழ்த்தும் வழக்கப்படி, கரைத்த அரிசி மாவை என் மொட்டைத் தலையில் பூசினாள். வெயிலுக்கு அது சில்லென்று இறங்கியது. பின்னாலிருந்து சுருட்டு வாசனை வந்தது. பிடரி சுட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

ஓடவும் இல்லை. ஈப்போ வாசகி குறித்துக்கொள்ளட்டும்: அன்று வேன் சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது.